எலுமிச்சம்பழத்துக் குங்குமம்

செனாவாங்கில் நல்லசாமியின் பட்டறையில் காடியை, அதாவது காரை, விட்டுவிட்டுப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய 'ம்' பாஷையை. வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக நீளமாக வந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது, நிம்மதியாகப் போய் தே தாரே டீ குடிக்கலாம். தொண்டையில் குட்டையாக வெட்டுப்பட்டால் சாமான் வரவேண்டும், நாளைக்கு வாங்க. ஏறுவது போல ஆரம்பித்து நடுவழியில் கீழே விழுகிற 'ம்' ஒன்றும் உண்டு. அதைக் கேட்டால் ஆளுக்கே ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். பாலேஸ்வரி டீச்சரின் காடிக்கு அந்த ஆண்டு அடிக்கடி விழுந்தது அந்த மூன்றாவது 'ம்'தான்.

நல்லசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. இடுப்புக்கு மட்டும் அதைவிடக் கூட. உட்காரும்போது "முருகா" என்பார், எழும்போது "ஐயோ முருகா" என்பார். ஒருநாளைக்கு அவர் முருகனைக் கூப்பிடுகிற கணக்குக்கு, அரும்பாடுபட்டு விரதம் இருக்கிறவர்கள் பொறாமைப்பட வேண்டும். புக்கிட் கெர்த்தா தோட்டத்தில் பிறந்தவர். கித்தா எனும் ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தபோது அவருடைய குடும்பமும் வெளியே வந்தது. லோபாக்கில் ஒரு லோரி பட்டறையில் வேலை பழகி, பிறகு செனாவாங்கில் சொந்தமாகக் கடை போட்டு, எண்ணெய்க்கறையோடு முப்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டார். மின்சாரக் காடிகள் வர ஆரம்பித்ததும், மகன் வயசுப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து அதையும் படித்துவிட்டு வந்தார். முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினார்.

அவர் மனைவி நீலாவதி அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "எண்ணெ காடி ஒன்னய படுக்க வச்சிருச்சு. மிச்சம் இருக்கிறத கரண்டு காடி பாத்துக்கும்."

நீலாவதிக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் சந்தித்துக்கொள்வது வாசலில்தான். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். "ஒரு ஞாயித்துக்கெழமயாச்சும் சி ரூசாவுக்குப் போயி கடல்ல கால நனைச்சிட்டு வரலாம்" என்று நீலாவதி சொல்லுவார். நல்லசாமி 'ம்' என்பார். அது எந்த 'ம்' என்று நீலாவதி கேட்பதை விட்டுப் பல காலமாயிற்று.

பாலேஸ்வரி டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய கணவர் விசுவலிங்கம் புக்கிட் கெர்த்தா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். தோட்டத்து எல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். விசுவலிங்கத்துக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டீச்சர் அவரைக் காடியில் ஏற்றிக்கொண்டு, செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் குலுங்கிப் போய், பெரிய சாலையைப் பிடித்து, சிரம்பானில் இரத்தம் சுத்தம் செய்கிற மையத்துக்குக் கொண்டுபோவார். காடி, கோலாலம்பூரில் இருக்கிற மகள் தர்ஷிகா வாங்கிக் கொடுத்தது. மின்சாரக் காடி.

முதல் தடவை டீச்சர் பட்டறைக்கு வந்தபோது சொன்னார்: "தம்பி, ஒரு சிவப்பு விளக்கு எரியுது. கூலண்ட் குறைஞ்சு போச்செண்டு எழுத்து வருது. நானும் ஊத்தினன். திரும்பவும் குறையுது."

"வூட்டுல காடி நிக்கிற எடத்துல ஈரம் இருக்கா டீச்சர்?"

"ஒரு சொட்டும் இல்லை. நானே குனிஞ்சு பார்த்தனான்."

பின்சீட்டிலிருந்து விசுவலிங்கம் தலையை நீட்டினார். "குனிஞ்சவ எழும்ப ஏலாமல் என்னைத்தான் கூப்பிட்டவ. என்னை ஆர் எழுப்புறது?"

கூலண்ட் என்பது இளஞ்சிவப்பாக, பார்க்க ரோஸ் சிரப் மாதிரி இருக்கிற ஒரு தண்ணீர். அது குழாய் வழியாக பேட்டரிக்குள் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு, காடியின் முன்பக்கத்து ரேடியேட்டருக்கு வந்து ஆறிவிட்டுத் திரும்பப் போகும். அது குறைந்தால் பேட்டரி சூடாகும். சூடானால் காடி பயந்துபோய், 'இனி ஓடமாட்டேன், நடக்கத்தான் முடியும்' என்று சொல்லிவிடும். நல்லசாமி இதை விளக்கியதும் விசுவலிங்கம் பெருமூச்சு விட்டார்.

"எனக்குத் தண்ணி கூடினால் பிழை. இதுக்குக் குறைஞ்சால் பிழை. ரெண்டு பேரையும் ஒரு வீட்டில வச்சுப் பாக்கிறா, பாவம்."

காடியின் முன்னால், கீழ்ப்பக்கத்துக் கம்பி வலையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாய்களும் தொங்கின. கண்ணேறுக்கு. தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி வீரமுத்து வெள்ளிக்கிழமை தோறும் புதுசாகக் கட்டிவிடுவது. நல்லசாமி எந்தக் காடியில் கைவைத்தாலும் முதலில் பழத்தை எடுத்துவிடுவார். சாமி சாமானைத் தரையில் போடக்கூடாது, மேலே எண்ணெய் படக்கூடாது. வலைக்குள் கையை விட்டு, உள்ளே எதிலோ மாட்டியிருந்த மெல்லிய கம்பியைத் தடவிப் பிடித்துக் கழற்றினார். பழத்தில் சிவப்பாகக் குங்குமம் வழிந்திருந்தது. அதை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பழத்தைக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

அடுத்த வேலை, கழுவுவது. தோட்டத்துக் காடிகள் அடிவயிறெல்லாம் செம்மண்ணை அப்பிக்கொண்டு வரும். "மண்ணோட எந்தக் காடியும் நம்ம பட்டறையில மேல ஏறாது" என்பது அவர் சட்டம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தட்டு மாதிரி துடைத்துவிட்டுத்தான் தூக்குவார்.

தூக்கினார். அடித்தகட்டைக் கழற்றினார். குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினார். கூலண்ட் தொட்டியில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்து, அளவுமானியின் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கேயாவது ஓட்டை இருந்தால் ஊசி இறங்க வேண்டும். அது சண்டி மாடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. ஏறி விழுகிற 'ம்' வந்தது. கூலண்டை ஊற்றி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். கடைசியாகப் பழம். வலைக்குள் கையை விட்டு, அதே இடத்தைத் தேடிப் பிடித்து, எடுத்த மாதிரியே மாட்டினார். இடம் மாறினால் டீச்சருக்குப் பிடிக்காது.

அன்று மாலை வாசலில் நீலாவதி கேட்டார்: "நெத்தியில என்னா, பிசுபிசுன்னு இருக்கு?"

"கோயில் குங்குமம்."

"காயவே இல்ல. எண்ணெயில கொழச்சாங்களா?"

"ம்."

கொஞ்ச நாளில் காடி திரும்பி வந்தது. அதே விளக்கு. அதே கழுவல், அதே பம்பு, அசையாத அதே ஊசி. வழியில் ஒருமுறை நின்றுபோய் இழுவை வண்டி கொண்டுபோனதில், சேவை மையத்திலும் பார்த்தார்கள். அவர்களும் முதலில் பழத்தைக் கழற்றிவிட்டுக் கழுவினார்கள் போலிருக்கிறது. வெளியே ஒழுக்கு இல்லை, ஆகவே பேட்டரிக்கு உள்ளே ஒழுகலாம் என்று ஓர் இளைஞன் சொன்னான். உள்ளே என்றால் பேட்டரியையே மாற்றவேண்டும். பேட்டரியை மாற்றுவதும் காடியை மாற்றுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்லசாமிக்கும் அப்படித்தான் பட்டது.

தர்ஷிகா போன் செய்தாள். அவளுக்கு மூச்சு விட நேரமில்லை, அதனால் வாக்கியங்களுக்கும் இல்லை. "அங்க்கிள், ஓப்பனா சொல்லுங்க, பேட்டரி போயிருச்சா இல்லயா, அம்மாவால ரோட்டுல நிக்க முடியாது லா, அப்பாவ வச்சிக்கிட்டு. இன்னொரு தடவ டோ ட்ரக் வந்துச்சுன்னா காடிய வித்துருவேன். ரெண்டு பேரும் இங்க வந்துரட்டும். முடிஞ்சிச்சு."

இழுவை வண்டியைக் கூப்பிட்டால் செய்தி நேராக மகளுடைய போனுக்குத்தான் போகும். காடி அவள் பெயரில்.

'இங்க' என்றால் பதினெட்டாவது மாடி. விசுவலிங்கம் அங்கே ஒரு வாரம் இருந்து பார்த்தவர். "கதவைத் திறந்தால் லிப்ட். லிப்டைத் திறந்தால் கதவு. வேற ஒண்டும் இல்லை" என்றார். சிரம்பானில் அவருக்கு ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் இராஜமாணிக்கம், அந்தக் காலத்தில் தோட்டத்து லோரி ஓட்டி அவரிடம் திட்டு வாங்கியவர். இப்போது இருவர் கையிலும் ஊசி, இரண்டு பக்கமும் இயந்திரம், நாலு மணி நேரமும் வாய்ச்சண்டை. "அவனோட சண்டை பிடிக்காட்டில் என்ர ரத்தம் சுத்தமாகாது" என்று விசுவலிங்கம் சொல்லும்போது டீச்சர் வெளியே பார்ப்பார். மகளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது டீச்சருக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மத்தியானம் போன் வந்தது. நல்லசாமி காலையிலிருந்து ஒரு லோரிக்கு அடியில் கிடந்தார். முந்தின நாளிலிருந்தே லேசான காய்ச்சல்.

"தம்பி, ஆமை வந்திட்டுது."

வேறு யாராவது கேட்டால் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நல்லசாமிக்குப் புரிந்தது. காடி நடக்கத்தான் முடியும் என்று முடிவெடுத்தால் திரையில் ஓர் ஆமைப் படம் வரும்.

"எங்க டீச்சர் இருக்கீங்க?"

"தோட்டத்து ரோட்டில. செம்பனைக்கு நடுவில. ஐயாவுக்கு இண்டைக்கு முறை. அங்காலயும் போகேலாது, இஞ்சாலயும் போகேலாது."

"டோ ட்ரக்கு..."

"கூப்பிடேல்லை. கூப்பிட்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

நல்லசாமி லோரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஐயோ முருகா. பம்பு, கையுறை, சாமான் டின், கூலண்ட் போத்தல் எல்லாவற்றையும் வேனில் போட்டார். வழியில் வீட்டில் மாத்திரை எடுக்க நிறுத்தியபோது நீலாவதி ஷிப்டு முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பசியாறுனியா?"

"ம்."

"மொகத்தப் பாத்தா பசியாறுன மாரி தெரியல. எங்க போற?"

"டீச்சர் காடி."

"இன்னமுமா அது ஒழுகுது?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாழைப்பழத்தை அவர் சட்டைப்பையில் திணித்தார். அதற்குமேல் நிற்க நீலாவதிக்கும் காலில்லை.

செம்பனைக்கு நடுவே காடி செம்மண் பூசிக்கொண்டு நின்றது. கதவுகள் திறந்திருந்தன. விசுவலிங்கம் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். டீச்சர் நின்றுகொண்டே மையத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்: "ஓம் நர்ஸ், வந்துகொண்டுதான் இருக்கிறம்." ஆமையில்தான் வந்துகொண்டிருந்தார்கள் என்பதை நர்ஸிடம் சொல்லவில்லை.

நல்லசாமி காடியைச் சுற்றிப் பார்த்தார். வழக்கப்படி முதலில் பழத்தை எடுக்கவேண்டும். எடுத்தால் மாட்ட ஆணி இல்லை. குனிந்து வலைக்குள் கையை விட இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார். அடுத்து கழுவவேண்டும். அந்தக் காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? அதையும் விட்டார். இந்த இரண்டையும் செய்யாமல் அவர் ஒரு காடியைத் தொட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பானெட்டைத் திறந்து, தொட்டியில் பம்பை மாட்டி, காற்றடித்துவிட்டு, அளவுமானியைக் கையில் பிடித்தபடி காடிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டையும் நீட்டினார். கண்ணுக்கு நேரே எலுமிச்சம்பழம்.

"நல்லசாமி, நீர் காடியைப் பார்க்கிறீரோ, இல்லைக் கும்பிடுறீரோ?" என்றார் விசுவலிங்கம்.

நல்லசாமி அளவுமானியைக் கண்ணருகே கொண்டுபோனார். ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். சட்டையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இறங்கத்தான் செய்தது.

வலைக்கு உள்ளேயிருந்து வருகிற கம்பியில், சின்னதாக ஒரு சொட்டு ஊர்ந்து வந்தது. மிளகாய்களைத் தாண்டியது. பழத்தின் தலையில் நின்றது. பிறகு பழத்தின் கன்னத்தில் சிவப்பாக இறங்கியது.

"டீச்சர்," என்றார் நல்லசாமி மெதுவாக. "இந்தக் குங்குமம் யாரு வச்சது?"

"எந்தக் குங்குமம்?"

"பழத்துல. பூசாரி வச்சதுதான?"

"வீரமுத்து பழத்துக்குக் குங்குமம் வைக்கிறேல்லை. மஞ்சள் மட்டும்தான் தடவுவார்." டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்கட பட்டறைப் பிள்ளையாரிட்ட வச்சு எடுத்ததெண்டெல்லோ நான் நினைச்சன்."

"நான் பூசாரி வச்சதுன்னு நெனச்சேன்."

விசுவலிங்கம்தான் சொன்னார்: "அப்ப காடி தனக்குத் தானே பொட்டு வச்சிருக்குது."

நல்லசாமி வீரமுத்துவுக்குப் போன் போட்டார். வீரமுத்து வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி, மற்ற நாளில் ஜாகா, அதாவது செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல். மந்திரம் சொல்கிற அதே ராகத்தில்தான் போனிலும் பேசுவார்.

"சொல்லுங்க நல்லசாமியண்ணே. எல்லாம் நல்லபடியா?"

"டீச்சர் காடியில பழத்த எதுல மாட்டுற?"

"உள்ள கைய விட்டா ஒரு வளையம் மாரி கம்பி இருக்கும்ணே. அதுல கோத்து விட்டுருவேன். நூலு கட்டுனா மழையில அறுந்துருது லா. டீச்சரு கோச்சிக்கிறாங்க. அந்த வளையம் பழத்துக்குன்னே செஞ்ச மாரி இருக்கு."

"அது பழத்துக்கு செஞ்சது இல்ல, முத்து."

"அப்ப எதுக்குண்ணே?"

"ம்" என்று போனை வைத்தார் நல்லசாமி.

கையுறையை மாட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முன்பக்கத்து மூடியைக் கழற்றினார். ரேடியேட்டரிலிருந்து வரும் குழாயும் பேட்டரிக்குப் போகும் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் இடம் அது. அந்த இணைப்பு கழன்றுவிடாமல் பிடித்திருப்பது வளைந்த கம்பி மாதிரி இருக்கிற ஒரு கிளிப். வீரமுத்துவின் வளையம் அதுதான். செம்மண் ரோட்டில் காடி குலுங்கக் குலுங்க, பழம் ஆடி ஆடிக் கிளிப்பை இழுத்துத் தூக்கியிருந்தது. இணைப்பு தளர்ந்து உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் கடிபட்டிருந்தது. கூலண்ட் கசிந்து, கம்பி வழியே பழத்துக்கு வந்து, மிச்சம் போகிற வழியில் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

பழத்தைக் கழற்றினால் கிளிப் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒழுக்கு நின்றுவிடும். மிச்சம் மீதித் தடயத்தைத் தண்ணீர் அடித்துக் கொண்டுபோய்விடும்.

"நாந்தான் டீச்சர்" என்றார் நல்லசாமி. "ஒவ்வொரு தடவையும் ஒழுக்க எடுத்து ஆணியில மாட்டிட்டு, காடிக்குள்ள தேடுனேன். தேடி முடிச்சிட்டு, மறுபடி நானே எடுத்து மாட்டி விட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. "அப்ப பேட்டரி?" என்று மட்டும் கேட்டார்.

"பேட்டரிக்கி ஒன்னும் இல்ல."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐயாவின் விசிறியை வாங்கித் தனக்கு விசிறிக்கொண்டார்.

நல்லசாமி டின்னில் தேடி, அளவு பொருந்துகிற ரப்பர் வளையத்தை எடுத்துப் போட்டார். வளைந்த கிளிப்பைக் குறட்டால் நிமிர்த்தினார். புதுசு வரும்வரைக்கும் தாங்கும். இணைப்பைச் செருகியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி காற்றடித்தார். பம்பர்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தன் கனத்தையெல்லாம் போட்டுக் காடியைக் குலுக்கினார். ஊசி நின்றது. இந்தத் தடவை அதை நம்பலாம். கூலண்ட் ஊற்றி, குழாய்களில் மாட்டியிருந்த காற்றைப் பம்பை ஓடவிட்டு வெளியேற்றினார். காடியை இயக்கியதும் ஆமை கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் போன் அடித்தது. தர்ஷிகா. "அம்மா, அப்பா இன்னும் வரலன்னு செண்டர்லேர்ந்து கூப்புட்டாங்க. காடி நின்னுருச்சா?"

டீச்சர் போனை நல்லசாமியிடம் நீட்டினார்.

"அங்க்கிள்? நீங்க எப்புடி அங்க? அப்ப நின்னுருச்சு."

"நின்னுச்சு. இப்ப ஓடுது. கிளிப்பு ஒன்னு தூக்கிக்கிச்சு. அதான் ஒழுக்கு."

"ஏன் தூக்கிச்சு?"

நல்லசாமி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் செம்பனையைப் பார்த்தார்.

"முன்னால பழம் தொங்குச்சுமா. அதோட கம்பிய தெரியாம கிளிப்புல மாட்டியிருந்தாங்க. குலுங்குறப்ப இழுத்துருச்சு."

தர்ஷிகா அடக்க முயன்று முடியாமல் சிரித்தாள். அவ்வளவு நேரம் மூச்சு விடாத பெண் அப்போதுதான் விட்டாள். "லெமனா? லெமனுக்கா அங்க்கிள், பேட்டரிய மாத்தச் சொன்னாங்க?" சிரிப்பு நின்றதும் குரல் தணிந்தது. "பேட்டரி ஷுவரா நல்லா இருக்கா?"

நல்லசாமியின் மூக்கு வழியாக நீளமாக வந்தது. "ம்..."

"சரி. இப்பதிக்கு விக்கல. ஆனா அப்பாவ மொதல்ல கொண்டு போகச் சொல்லுங்க."

டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார்: "தம்பி, பழம் இல்லாமல் போறதோ?"

நல்லசாமி வேனில் சாக்கு கட்டியிருந்த சணல் கயிற்றில் ஒரு துண்டை வெட்டினார். பழத்தைத் துடைத்து, நம்பர் பிளேட்டு ஓரத்தில் வெளியே தெரிகிற மாதிரி கட்டினார். "உள்ள யாரும் கைய விடக்கூடாது. அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். முத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஜன்னலோரக் கட்டிலை ஆரும் பிடிக்க முந்திப் போவம்" என்றார் டீச்சர்.

"என்ர கட்டில்" என்று திருத்தினார் விசுவலிங்கம்.

காடி சத்தமில்லாமல் போனது. செம்மண் தூசி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. கட்டிய கையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்ட நல்லசாமி எழ முயன்றார். முருகனைக் கூப்பிடக்கூடத் தெம்பில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். நெற்றி அரிப்பது போலிருந்தது. இத்தனை நாள் பக்தியாக வைத்துக்கொண்ட குங்குமம் என்னவென்று அப்போதுதான் நினைப்பு வந்தது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கவிழ்த்து, நெற்றியை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். சட்டைப்பையில் நசுங்கியிருந்த வாழைப்பழத்தைத் தின்றார்.

வேனுக்குள் ஏறி சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பார், எவ்வளவு நேரமோ. போன் எழுப்பியது.

"படுத்திட்டன்" என்றார் விசுவலிங்கம். "ஊசியும் போட்டாச்சு. ஆனால் இவன் தன்ர போர்வையை என்ர கட்டிலில போட்டு வச்சிருக்கிறான், கேட்டால்..."

பின்னாலிருந்து இராஜமாணிக்கத்தின் குரல் கரகரத்தது: "யோவ் கிராணி, எடம் புடிச்சி வச்சதே நானு. லேட்டா வந்துட்டு சட்டம் பேசாத."

"பாரும், கேட்டீரோ? லோரிக்காரன் எனக்குச் சட்டம்..."

இருவரும் போனை மறந்துவிட்டார்கள். அதைக் கட்டிலிலேயே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேலே சண்டை தொடர்ந்தது. நல்லசாமி போனைத் துண்டிக்கவில்லை. டேஷ்போர்டில் வைத்துவிட்டு, கேட்டபடியே மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பட்டறையில் லோரி காத்துக்கொண்டிருந்தது. அது காத்திருக்கட்டும்.